"எனக்குப் பத்து வயசு ஆகவே கூடாது ஆண்டவரே"

கேள்வி: நானும் கணவரும் ஒன்பது வருடமாக மிஷனரிகளாக இருக்கிறோம். பணித்தளத்தில் பிள்ளைகள் தொடர்ந்து படிக்கப் பள்ளி இல்லாததால், மகளுக்குப் பத்து வயதானதும் தூரத்தில் விடுதியில் சேர்த்தோம். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. முதல் வருடம் ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டே போனாள். இப்போது அழுவதில்லை. பையைத் தானே அடுக்கிக்கொண்டு கிளம்புகிறாள். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று, ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் எங்கள் ஜெபக் கடிதத்தில்கூட எழுதினோம். போன விடுமுறை முடிந்து அவள் கிளம்பிய அன்று இரவு, ஏழு வயது மகன் முழங்காலில் நின்று, "எனக்குப் பத்து வயசு ஆகவே கூடாது ஆண்டவரே" என்று ஜெபித்தான். அக்காதான் அப்படி ஜெபிக்கச் சொன்னாளாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கணவரிடம் சொன்னால், "ஆபிரகாம் ஈசாக்கையே கொடுத்தார். நாம் தேவனுடைய வேலையைப் பார்த்தால் நம் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். போன வருடம் மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது. அதுவும் மனதைவிட்டுப் போகவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? ஊழியத்தை விட்டுத் திரும்பிவிட வேண்டுமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தச் சின்னப் பையன் முழங்காலில் நிற்கிற இடத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதினெட்டு வருடமாக ஊழியக் குடும்பங்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். நானே மிஷனரிகளின் மகள்தான். ஒன்பது வயதில் விடுதிக்குப் போனவள். அதனால் உங்கள் கடிதத்தை முதலில் உங்கள் மகளின் பக்கம் உட்கார்ந்துதான் படித்தேன். அது என் சாய்வு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விசுவாசம் குறைந்துவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. பிள்ளையை நினைத்துத் தூக்கம் வராமல் படுத்திருக்கிற தாய் அவிசுவாசி என்றால், சங்கீதப் புத்தகத்தில் பாதியைக் கிழித்துவிட வேண்டியிருக்கும். "எதுவரைக்கும்?" என்று தேவனையே கேட்ட தாவீதை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. இந்தக் கேள்வியை இத்தோடு விடுகிறேன். உங்கள் வீட்டில் இப்போது அவசரமாகக் கவனிக்க வேண்டியது உங்கள் விசுவாசத்தின் அளவு அல்ல.

மகள் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவள் ஜெபத்தை விட்டுவிடவில்லை. கேட்டால் தேவன் செய்வார் என்று இன்னும் நம்புகிறாள், அதனால்தான் தம்பியைக் கேட்கச் சொல்கிறாள். ஆனால் தனக்காக எதையும் கேட்கவில்லை. தன் வழக்கு முடிந்துபோயிற்று, இனி மேல்முறையீடு கிடையாது என்று இருந்துவிட்டாள். தம்பியையாவது தப்பிக்க வைக்கப் பார்க்கிறாள். யாரிடமிருந்து? சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்கள் முடிவிலிருந்து, உங்கள் அழைப்பிலிருந்து. அதற்கு அவள் உதவிக்குக் கூப்பிடுவது உங்களை அனுப்பிய அதே தேவனைத்தான். எனக்கு இதில் பயத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் தெரிகிறது. தேவன் அப்பா அம்மாவின் கட்சி என்று அந்தப் பெண் இன்னும் முடிவு கட்டவில்லை. எத்தனையோ ஊழியக்காரர் பிள்ளைகள் அதை வெகு சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறார்கள். பிற்பாடு அவர்கள் சபைப் பக்கமே வராமல் போனால் காரணம் தேடி எங்கெங்கோ அலைகிறோம்.

அடுத்தது, அவள் அழாமல் கிளம்புவது.

1950-களில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு சேர்ந்து, ஆஸ்பத்திரியில் பெற்றோரை விட்டுத் தனியாகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளைக் கவனித்தார். முதலில் அழுது அடம்பிடிப்பார்கள். பிறகு ஓய்ந்து சோர்ந்துபோவார்கள். மூன்றாவதாக ஒரு கட்டம் வரும். குழந்தை சாப்பிடும், விளையாடும், நர்ஸைப் பார்த்துச் சிரிக்கும். அம்மா வந்தால் மட்டும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் "பழகிவிட்டது" என்று நிம்மதியடைந்தது இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். ராபர்ட்சனுக்கு அதிகம் கவலை தந்ததும் இதே கட்டம்தான். எதிர்பார்த்து ஏமாறுவதைவிட எதிர்பார்க்காமல் இருப்பது வலி குறைவு என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார்.

அவை சின்னக் குழந்தைகள், உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு. அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பது சரி. உண்மையாகவே அவள் அங்கே நல்ல சிநேகிதிகளைப் பிடித்து, படிப்பில் மனம் பதிந்து, பெரிய பெண்ணாக வளர்ந்துகொண்டும் இருக்கலாம். அப்படி நன்றாக வளர்ந்த விடுதிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் தம்பிக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு இது வெறும் பழக்கம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன். நான் இருந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். உறையை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும். எட்டு வருடம் எழுதினேன். ஒரு கடிதத்திலும் பொய் கிடையாது, ஒரு கடிதத்திலும் நான் கிடையாது. என் கடிதங்களை அம்மா பத்திரமாகக் கட்டி வைத்திருந்தார். எனக்கு முப்பது வயதானபோது ஒருநாள் அந்தக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "நீ ஒரு தடவை அழுதிருந்தா அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றார். "நீங்க ஒரு தடவை அழுதிருந்தா நானும் அழுதிருப்பேம்மா" என்றேன். அதன்பிறகு இரண்டு பேரும் அழுதோம், இருபது வருடம் தாமதமாக. அம்மா அழாமல் இருந்தது கல்நெஞ்சத்தால் அல்ல. பிள்ளை முன்னால் கலங்கினால் தேவனை நம்பாததுபோல் ஆகிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆபிரகாமை இழுக்கிற தகப்பன்மார் பெரும்பாலும் உள்ளுக்குள் உங்களைவிட அதிகம் பயந்துபோயிருப்பார்கள். ஆனால் தேவன் கேட்டதால் மகன் ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் மலைக்குக் கூட்டிப்போகிற அந்த அதிகாரத்தை அவர் கடைசிவரை வாசிக்க வேண்டும். மலையேறும்போது ஈசாக்கு வாயைத் திறந்து கேட்கிறான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? ஆபிரகாம் அவனை அதட்டவில்லை, "என் மகனே" என்று கூப்பிட்டுப் பதில் சொல்கிறார். உங்கள் மகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இடம் கிடைத்ததா? அப்புறம், அந்தக் கதையில் கத்தியைத் தடுத்தது தேவன். ஆட்டுக்கடாவைக் காட்டியதும் அவர்தான். தங்கள் பிள்ளைகளையே தகனித்த ஜனங்களைப் பற்றி எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் பேசும்போது, அப்படி நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். பிள்ளையைப் பலி கேட்கிற தெய்வம் வேதத்தில் உண்டு. அதன் பெயர் மோளேகு.

கொஞ்சம் காரமாகிவிட்டது. தெரிந்தேதான் எழுதினேன்.

"நாம் அவர் வேலையைப் பார்த்தால் அவர் நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கியமும் நம் வட்டாரத்தில் நிறையப் புழங்குகிறது. நானும் கேட்டு வளர்ந்ததுதான். இதில் இருக்கிற கொடுக்கல் வாங்கல் கணக்கு எனக்கு உறுத்துகிறது. சாமுவேலைவிட உண்மையுள்ள ஊழியக்காரன் யார்? அவர் பிள்ளைகள் லஞ்சம் வாங்கினார்கள் என்று வேதமே எழுதிவைத்திருக்கிறது. தேவன் பிள்ளைகளை நேசிக்கிறார் என்பதை நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் பெற்றோரின் கைகள் வழியாகச் செய்ய நினைத்திருக்கும் காரியத்தை, பெற்றோர் கையை எடுத்துக்கொண்டால் வேறு வழியில் செய்தே தீருவார் என்று அவர் எங்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல், ஊர் ஊராக அலைந்த மிஷனரி.

மிஷனரி சரித்திரத்திலும் இரண்டுவிதமாகவும் பார்க்கிறோம். டேவிட் லிவிங்ஸ்டன் 1852-ல் கேப்டவுனில் மனைவி மேரியையும் நான்கு பிள்ளைகளையும் பிரிட்டனுக்குக் கப்பல் ஏற்றிவிட்டு ஆப்பிரிக்காவின் உள்ளே போனார். பிரிட்டனில் அவர்களுக்கு நிலையான வீடில்லை, பணத்துக்கும் திண்டாட்டம். மூத்த மகன் ராபர்ட் பிற்பாடு அமெரிக்க உள்நாட்டுப் போரில், தகப்பன் பெயரைக்கூட வைத்துக்கொள்ளாமல் வேறு பெயரில் சிப்பாயாகச் சேர்ந்து, 1864-ல் போர்க்கைதியாகச் செத்துப்போனான். அப்போது அவனுக்கு வயது 18. தன் பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்கவில்லையே என்று லிவிங்ஸ்டனே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்.

இன்னொருவர், கொல்லிமலையில் மிஷனரிகளுக்குப் பிறந்த பால் பிராண்ட். ஒன்பது வயதில் அவரையும் தங்கையையும் 1923-ல் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், உறவினர் வீட்டில் படிக்க விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929-ல் தகப்பன் ஜெஸி காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே போய்விட்டது. ஆனால் இறப்பதற்கு முன் அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்ததால், தந்திக்குப் பிறகும் அவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மரம், பூச்சி, மலையில் பார்த்த அதிசயம் என்று மகனுக்குப் பிடித்ததையெல்லாம் எழுதியிருந்தார். உன்னைப் பார்க்க எத்தனை ஆவலாக இருக்கிறேன் என்றும் எழுதியிருந்தார். அந்த மகன் பின்னாளில் டாக்டராகி 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் பெயர் பெற்றார்.

இந்த இரண்டாவது கதையை மிஷனரிக் கூட்டங்களில் சாட்சியாகச் சொல்வார்கள். முதலாவதைச் சொல்வதில்லை. பிராண்ட் நன்றாக வந்தார், அதனால் பிரிவு பிள்ளைகளுக்கு நல்லது என்று யாராவது முடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிராண்டுக்குப் பிரிவு வலித்தது. அதற்குள்ளும் அப்பாவின் மனதில் தனக்கு இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

சாமுவேலின் தாய் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். பால் மறந்த பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டவள். வருஷாவருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள் என்று 1 சாமுவேல் 2-ல் ஒரே ஒரு வரி வருகிறது. எனக்கு அந்த அதிகாரத்தில் பிடித்த வரி அதுதான். சட்டை தைக்க அளவு தெரிய வேண்டும். இந்த வருஷம் எவ்வளவு உயர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று வருஷம் முழுக்க அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருப்பாள். ஒப்புக்கொடுத்துவிட்டேன், இனி அவர் பாடு என்று அளவெடுப்பதை நிறுத்திவிடவில்லை. உங்கள் மகளின் மனதுக்கு இப்போது என்ன அளவு? பத்து வயது அளவிலேயே நீங்கள் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

சரி, என்ன செய்வது?

தம்பி சொன்னதை மகளிடம் கேட்டுவிடாதீர்கள். "தம்பிகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் மனம் திறக்கிற ஒரே கதவும் மூடிக்கொள்ளும். முடிந்தால் அடுத்த விடுமுறைவரை காத்திருக்காமல், உங்களில் ஒருவர் நேரில் போய் அவளோடு இரண்டு நாள் தனியாக இருங்கள். நீங்களே ஆரம்பியுங்கள். "நீ போற ஒவ்வொரு தடவையும் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. உன்கிட்ட இதுவரை சொல்லலை. உனக்கு எப்படி இருக்கு?" அதற்குமேல் பேசாதீர்கள். அவள் "ஒண்ணுமில்லை" என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த முறை பேசலாம். அவள் கோபப்பட்டால் நல்ல செய்தி. அப்போது வசனம் சொல்லாதீர்கள், "இயேசுவுக்காக" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். அம்மாவைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர் இயேசு என்று ஒரு பிள்ளை புரிந்துகொண்டால், அவரை எப்படி நேசிக்கும்? மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் கேளுங்கள். ஜெபிக்கத் தோன்றினால் அவள் சொன்ன வார்த்தைகளை வைத்தே ஜெபியுங்கள், அழகுபடுத்தாமல்.

"நீ சொன்னா ஊழியத்தையே விட்டுடறோம்" என்றும் சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு வயதுத் தோளில் அந்தப் பாரம் வைக்கலாகாது. "இதை வருஷத்துக்கு ஒரு தடவை நாம உட்கார்ந்து மறுபடி யோசிப்போம். நீ சொல்றதும் கணக்குல வரும், முடிவு எடுக்கிறது எங்க பொறுப்பு" என்பதுதான் சரியான அளவு.

விடுதியில் அவள் மனம்விட்டுப் பேசக்கூடிய பெரியவர் யார், யாரும் பக்கத்தில் நிற்காமல் உங்களோடு போனில் பேச முடிகிறதா, புகார் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் நிர்வாகத்திடமும் கேளுங்கள், அவளிடமும் தனியாகக் கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே நடந்த இரண்டு விடுதிப் பள்ளிகளைப் பற்றிய சுயாதீன விசாரணை அறிக்கைகள் 1998-லும் 2010-லும் வெளிவந்தன. பிள்ளைகள் அங்கே வருடக்கணக்கில் கொடுமை அனுபவித்திருந்தார்கள். வெளியே சொன்னால் அப்பா அம்மாவின் ஊழியம் கெட்டுவிடும் என்ற பயமே அவர்கள் வாயைக் கட்டியிருந்தது. உங்கள் மகளுக்கு அப்படி ஏதோ நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. "எது நடந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம், ஊழியத்தைவிட நீ முக்கியம்" என்று அவள் காதால் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிடித்த காரியத்தில்கூட ஆர்வம் போய்விடுவது, செத்துப்போனால் தேவலை என்பதுபோல் பேச்சு வருவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவற்றில் எதைப் பார்த்தாலும் ஜெபித்துக்கொண்டே டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப்போங்கள். கடைசி இரண்டையும் பார்த்தால் அன்றைக்கே.

ஜெபக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் அழாததை அதில் சாட்சியாகப் போட்டுவிட்டீர்கள். இனி அவள் அழுதால் அச்சடித்த சாட்சியே பொய்யாகிவிடும், பாவம். அவளைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும், போடும் ஒவ்வொரு படத்தையும் முதலில் அவளிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். தாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காய்ச்சல் விஷயம் எளிது. எத்தனை மணி நேரம் குறையாவிட்டால் கிளம்புவது, எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமலே கிளம்புவது, எந்த வண்டி, எந்த ஆஸ்பத்திரி, கையில் எவ்வளவு பணம் வைத்திருப்பது என்பதை ஒரு டாக்டரிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அனலாய்க் கொதிக்கும்போது உட்கார்ந்து முடிவெடுக்கக் கூடாது. திட்டம் போடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், பஞ்சம் வருமுன் ஏழு வருடம் தானியம் சேர்த்த யோசேப்பைக் காட்டுங்கள்.

திரும்பிவிட வேண்டுமா என்ற கேள்விக்கு நான் ஆம், இல்லை சொல்லமாட்டேன். திரும்பிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பெற்றோரின் தேசத்தை விட்டு வேறெங்கோ வளரும் பிள்ளைகளை ரூத் யூசீம் என்ற சமூகவியலாளர் 1950-களிலேயே ஆராய்ந்து, "மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள்" என்று பெயர் வைத்தார். நமக்கு வீடு திரும்புதல், அவர்களுக்குப் பல சமயம் வீட்டை விட்டுப் போவது. உங்கள் மகனுக்குத் தெரிந்த ஒரே வீடு பணித்தளம்தான். திரும்புவதென்றாலும் நாய்க்குட்டி முதல் நண்பன்வரை விடைபெற அவனுக்கு நேரம் வேண்டும்.

ஆனால் போவது, இருப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. உங்களில் ஒருவர் பிள்ளைகளோடு பள்ளி பக்கத்தில் குடியிருக்கலாம். மிஷனிடம் கேட்டு, பள்ளி இருக்கும் வேறு பணித்தளத்துக்கு மாறலாம். சில வருடம் வீட்டிலேயே படிக்க வைக்கலாம். எதற்கும் ஒரு விலை உண்டு, சிலது உங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம். ஆனால் உங்களுக்கு வந்த அழைப்பில் "பத்து வயதில் விடுதி" என்ற வரி இருந்ததா? அதை அழைப்போடு சேர்த்துத் தைத்தது மிஷனின் வழக்கமா, வசதியா என்று கணவரும் நீங்களும் ஒருநாள் உபவாசமிருந்து பிரித்துப் பாருங்கள். மிஷன் தலைவர்களிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பழியை என்மேல் போட்டுக்கொள்ளட்டும்.

கணவரிடம் இதைப் பேசும்போது மகளில் ஆரம்பிக்காதீர்கள். "அவளை விட்டுவிட்டு வந்த முதல் இரவு உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மகனுக்கு எட்டாவது பிறந்தநாள் எப்போது வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மற்ற பிள்ளைகள் எண்ணிக்கொண்டு காத்திருக்கிற நாளை இவன் பயந்துகொண்டு எண்ணுவான். அதற்குள் நீங்கள் இருவரும் பேசி, அந்தப் பத்து வயது விதியைக் குறைந்தபட்சம் மறுபரிசீலனைக்கு எடுத்துவிடுங்கள். எடுத்தபிறகு, எடுத்தால் மட்டும், படுக்கப்போகும் நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "பத்து வயசு ஆனா விடுதிதான்னு இன்னும் யாரும் முடிவு பண்ணலைடா. உன்கிட்டயும் அக்காகிட்டயும் கேட்காம முடிவு பண்ண மாட்டோம்." அக்காவுக்கும் அன்றைக்கே போன் போடுங்கள். போனை அவனிடமே கொடுங்கள், அவன் சொல்லட்டும்.